வட்டார ஆராய்ச்சி, புத்தாக்கக் குழுமத்தைத் திட்டமிடுதல்: அரசு முகமை அலுவலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வட்டாரத்தின் பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், பெரிய நிறுவனங்கள், சிறு தொழில்கள், பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஒரு துறையில் இணைந்து வேலை செய்ய வைக்கும் ஏற்பாடே ஆராய்ச்சி, புத்தாக்கக் குழுமம். அத்தகைய ஒரு குழுமத்தைத் திட்டமிடும் பொறுப்பு முதன்முறையாகத் தம் மேசைக்கு வந்திருக்கும் அலுவலர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இத்திட்டங்கள் பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான் தடுமாறுகின்றன. புதிதாக வருபவர்கள் நிலத்திலும் கட்டிட வரைபடத்திலும் தொடங்குகிறார்கள். எந்தத் துறைக்காக, யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக என்ற கேள்வி, சுவருக்கு வண்ணம் பூசும் கட்டத்தில்தான் எழுகிறது. கீழே உள்ள வரிசையில் கட்டிடம் ஒன்பதாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய எட்டுப் படிகளும் தரும் விடைகள் இல்லாமல் எத்தனை சதுர அடி வேண்டும் என்பதைக்கூட எவராலும் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், திட்டமிடலுக்கென்று தனி நிதி வேண்டும். செயலாக்க நிதியிலிருந்து பின்னர் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், ஆய்வுகளின் முடிவு எதுவாக இருந்தாலும் திட்டம் நடந்தே தீர வேண்டும் என்ற அழுத்தம் முதல் நாளிலேயே வந்துவிடும். செலவழித்த தொகையை நியாயப்படுத்துவதற்காகவே திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய நிலை ஏற்படும்.

அடுத்து, முழு நேரமாக இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் தரவுகளைப் படிக்கத் தெரிந்தவராகவும், இன்னொருவர் தொழில் நிறுவனத்தில் வேலை செய்த அனுபவம் உள்ளவராகவும் இருப்பது நல்லது. கூடுதல் பொறுப்பாக இந்தப் பணியைப் பார்க்கும் ஐந்து பேரைவிட இதை மட்டுமே பார்க்கும் இருவர் அதிகம் செய்து முடிப்பார்கள்.

வேலைவாய்ப்பு, நிறுவனப் பதிவு, காப்புரிமை, பட்டதாரிகளின் பணியமர்வு ஆகிய தரவுகளைக் கேட்டுப் பெறும் கடிதங்களை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். தனிநபர், நிறுவன விவரங்களின் இரகசியம் காரணமாகப் புள்ளியியல் துறைகள் ஒப்புதல் தர மாதக்கணக்கில் ஆகலாம். திட்டமிடல் முழுவதற்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஒதுக்குங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்மொழிவு போக வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள்காட்டியை அமையுங்கள்.

1. ஆணையையும் எல்லையையும் எழுத்தில் பெறுங்கள்

வாய்மொழியாகக் கிடைத்த ஆதரவு, அலுவலர் மாறியவுடன் போய்விடும். முகமைக்கு என்ன அதிகாரம், பிற துறைகளிடமிருந்து எதைக் கேட்டுப் பெறலாம், திட்டத்தை நிறுத்தும் முடிவை எடுப்பது யார் ஆகிய மூன்றும் ஆணையில் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். தொடங்கும் நேரத்தில் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் போலத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால் நலிந்துபோன குழுமங்கள் ஆண்டுக்கணக்கில் மூடப்படாமல் கிடப்பதுண்டு.

வட்டார எல்லையை நிர்வாக வரைபடத்தை மட்டும் பார்த்து வரையாதீர்கள். வேலைக்குச் செல்வோர் தினமும் எங்கிருந்து எங்கே போகிறார்கள், நிறுவனங்கள் உதிரிப் பாகங்களை யாரிடம் வாங்குகின்றன என்பவற்றைப் பார்த்து வரையுங்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியையும் ஸ்வீடனின் தென்பகுதியையும் உள்ளடக்கிய மெடிகான் வேலி என்னும் மருத்துவ உயிரியல் குழுமம் ஒரு நாட்டின் எல்லையையே தாண்டி நிற்கிறது. எல்லை தாண்டினால் நிதி விதிகள் இரண்டாகும் என்பது உண்மைதான். அதற்காக, நாற்பது நிமிடப் பயணத்தில் உள்ள ஒரு நல்ல ஆய்வகத்தை வெளியே நிறுத்துவது வீண் இழப்பு.

2. கையில் உள்ளதைக் கணக்கெடுங்கள்

விருப்பப்பட்டியலுக்கு முன் இருப்புப்பட்டியல் வேண்டும். வட்டாரத்தின் வலிமையை அளக்க எளிய கருவி இடச்செறிவு விகிதம்: ஒரு தொழிலில் வட்டாரத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பதை, அதே தொழிலில் நாட்டளவில் உள்ள சதவீதத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் அத்தொழில் இங்கே செறிந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். வட்டாரத்தில் மொத்தம் 2,00,000 தொழிலாளர்கள். அளவைக் கருவிகள் தயாரிப்பில் 6,000 பேர். அதாவது 3 சதவீதம். நாட்டளவில் அது 1 சதவீதம் என்றால் விகிதம் 3. காகிதத்தில் அருமையான செறிவு. ஆனால் அந்த 6,000 பேரில் 5,200 பேர் ஒரே நிறுவனத்தில் இருந்தால்? அந்நிறுவனத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் 1,94,800 பேரில் 800 பேர்தான். விகிதம் ஏறக்குறைய 0.41 ஆகச் சரிந்துவிடும். அங்கே இருப்பது ஒரு தொழிற்சாலையே தவிரக் குழுமத்துக்கான அடித்தளம் அன்று. ஆகவே ஒவ்வொரு விகிதத்தையும் முதல் பெரிய நிறுவனத்தோடு ஒரு முறையும் அது இல்லாமல் ஒரு முறையும் கணக்கிடுங்கள்.

காப்புரிமைத் தரவில் இரண்டு குழிகள் உண்டு. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகுதான் வெளியிடப்படுகின்றன. எனவே நீங்கள் பார்ப்பது பழைய படம். இரண்டாவதாக, பெரிய நிறுவனங்கள் தலைமையகத்தின் முகவரியில் விண்ணப்பிக்கின்றன. ஆகவே விண்ணப்பதாரரின் முகவரியை விட்டுவிட்டுக் கண்டுபிடிப்பாளரின் முகவரியை வைத்து எண்ணுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் வட்டாரங்களின் தரவரிசையே புரண்டுவிடக்கூடும்.

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை அத்தனை முக்கியமன்று. பல்கலைக்கழக ஆசிரியரும் நிறுவனப் பொறியாளரும் சேர்ந்து எழுதியவை எத்தனை என்று பாருங்கள். அந்தச் சிறிய எண்ணில்தான் உண்மையான உறவுகள் தெரியும்.

3. நிறுவனங்களை நேரில் கேளுங்கள்

முழுத் திட்டமிடலிலும் அதிக உழைப்பு கேட்பதும் அதிகப் பலன் தருவதும் இந்தப் படிதான். இதைக் கேள்வித்தாள் அனுப்பி முடித்துக்கொள்வது பரவலான தவறு. “குழுமம் அமைந்தால் சேர்வீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள், அந்த ஆம் யாருக்கும் எதையும் செலவு வைப்பதில்லை. அப்படிச் சேர்ந்த நூறு ஆம்களைத் திட்ட அறிக்கையில் வரைபடமாகப் போட்டுத் தேவை நிரூபிக்கப்பட்டுவிட்டதாக எழுதுவதைப் பல இடங்களில் காணலாம்.

நடந்ததைக் கேளுங்கள், நினைப்பதைக் கேட்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் தொழில்நுட்பச் சிக்கலுக்காக வெளி ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தீர்கள்? முடிவு வர எத்தனை நாள் ஆயிற்று? எந்தப் பணியிடத்தை ஆறு மாதத்துக்கு மேல் நிரப்ப முடியவில்லை? எந்த ஆர்டரை, எந்தச் சான்றிதழ் இல்லாததால் இழந்தீர்கள்? இக்கேள்விகளுக்கு விடை ரசீதுகளிலும் மின்னஞ்சல்களிலும் இருக்கும்.

உணரிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஆராய்ச்சியின் முக்கியத்துவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. பிறகு தரக்கட்டுப்பாட்டு மேலாளரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுப்பார்: ஈரப்பத, அதிர்வுச் சோதனைகளுக்காக வெளியூர் ஆய்வகம் அனுப்பிய கட்டணச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் மாதிரி அனுப்பிய தேதியும் அறிக்கை வந்த தேதியும் இருக்கும். இடையில் ஆறு வாரம், எட்டு வாரம். அதே துறையில் இன்னும் ஐந்து நிறுவனங்களின் கோப்பிலும் அதே சோதனை, அதே காத்திருப்பு என்றால், குழுமத்தின் முதல் பணி எதுவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய நிறுவனங்கள் கேட்காமலேயே வந்து பேசும். சிறியவற்றைத் தேடிப் போக வேண்டும். முப்பது, நாற்பது நேர்காணல்களுக்குப் பிறகு புதிய சிக்கல்கள் வருவது பொதுவாகக் குறைந்துவிடும். ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும்போது நிறுத்துங்கள்.

ஆய்வாளர்களிடமும் இதே முறையில் போங்கள். நிறுவனத்தோடு வேலை செய்தது பதவி உயர்வில் கணக்கில் எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். இல்லை என்பது விடையானால், எத்தனை ஒப்பந்தங்களில் துணைவேந்தர் கையெழுத்திட்டாலும் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். அந்த விதி மாறுவதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்தாக வேண்டும்.

4. துறையைச் சுருக்குங்கள்

உயிரித் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, பசுமை ஆற்றல் என்று எழுதினால் துறையைத் தேர்ந்தெடுத்ததாகாது. எந்த ஒரு நிறுவனமும் தான் வெளியே நிற்கிறோம் என்று உணராத அளவுக்குத் தலைப்பு அகலமாக இருந்தால், அது யாருக்கும் உரியதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014–2020 நிதிக் காலத்தில், சில துறைகளில் மட்டும் கவனம் குவிக்கும் உத்தியை ஆராய்ச்சி, புத்தாக்க முதலீட்டுக்கு முன்நிபந்தனையாகவே வைத்தது. அப்படியிருந்தும் பல வட்டாரங்கள் நீண்ட, அகலமான பட்டியல்களையே தந்தன. எவரையும் விட்டுவிட மனம் வராததுதான் காரணம்.

மூன்று சோதனைகளை வையுங்கள். வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று போட்டியோ கொள்முதல் உறவோ உள்ள நிறுவனங்கள் போதுமான எண்ணிக்கையில் உள்ளனவா? அந்தத் துறையில் வெளியாட்களும் மதிக்கும் ஆராய்ச்சி ஒன்றாவது நடக்கிறதா? நேர்காணல்களில் இரண்டுக்கும் பொதுவான சிக்கல் கிடைத்ததா? மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் துறை கழிக்கப்பட வேண்டும். மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஆராய்ச்சியே இல்லாத துறை, அரசியல் முக்கியத்துவம் என்ற வரியில் முழு மதிப்பெண் வாங்கி மேலே வந்துவிடும்.

கழிக்கப்பட்ட துறைகளுக்கான காரணத்தையும் எழுதி வெளியிடுங்கள். இது பிற்காலத்தில் உங்களைக் காக்கும்.

துறையை முகமையே தேர்ந்தெடுக்காமல், வட்டாரங்களைப் போட்டியிடச் செய்வது இன்னொரு வழி. ஜெர்மனி 1995இல் உயிரித் தொழில்நுட்பத்துக்காக அறிவித்த பயோரீஜியோ போட்டியில் 17 வட்டாரங்கள் தாங்களாகவே கூட்டணி அமைத்து முன்மொழிவுகள் தந்தன. மூன்று வட்டாரங்கள் வெற்றி பெற, யேனா நகருக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. முன்மொழிவு எழுதும் வேலையே பங்காளிகளை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுகிறது என்பதுதான் இம்முறையின் நன்மை. முகமையிடம் பல வட்டாரங்களும் போதிய கால அவகாசமும் இருந்தால் இதையே நான் விரும்புவேன். ஒரே வட்டாரம் என்றால் மேற்கண்ட மூன்று சோதனைகள் போதும்.

5. எந்த இடைவெளி என்று பெயரிடுங்கள்

துறை கிடைத்த பிறகும் அரசு ஏன் தலையிட வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இடைவெளி கருவியிலா, ஆள் பலத்திலா, சான்றளிப்பிலா, நிதியிலா, ஒருவரை ஒருவர் அறியாமையிலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒருவரை ஒருவர் அறியாததுதான் சிக்கல் என்றால் ஒரு நல்ல ஒருங்கிணைப்பாளர் போதும். கோடிக்கணக்கில் கருவி வாங்குவது வீண்.

நிதி இடைவெளியைப் பற்றிப் பேசும்போது தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலைப் பயன்படுத்துங்கள். ஒரு தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு எவ்வளவு தயாராகிவிட்டது என்பதை ஒன்று முதல் ஒன்பது வரையான நிலைகளில் காட்டும் இந்த அளவுகோலில் தொடக்க நிலைகளுக்கு ஆராய்ச்சி மானியம் கிடைக்கிறது; கடைசி நிலைகளுக்கு நிறுவனங்களே முதலீடு செய்கின்றன. ஆய்வகத்தில் நிரூபித்ததை உண்மையானதை ஒத்த சூழலில் முன்மாதிரியாகச் செய்துகாட்டும் நான்கு முதல் ஆறு வரையிலான நிலைகளில்தான் பலர் கைவிடப்படுகிறார்கள். உங்கள் வட்டாரத்தின் திட்டங்கள் எந்த நிலையில் தேங்கி நிற்கின்றன என்று நேர்காணல் குறிப்புகளிலிருந்து குறித்தால் தலையீட்டின் வடிவம் தானே தெரியும்.

சில வேளைகளில் நேர்மையான விடை, குழுமம் தேவையில்லை, ஒரு சோதனைக்கூடம் போதும் என்பதாக இருக்கும். அதை எழுதி ஒப்படைப்பதும் வெற்றிகரமான திட்டமிடல்தான். இதைச் செய்யும் துணிவுக்காகத்தான் திட்டமிடல் நிதியைத் தனியாக வைக்கச் சொன்னேன்.

6. நிர்வாகத்தை அமைத்து ஒருங்கிணைப்பாளரை நியமியுங்கள்

குழுமத்துக்குச் சட்டப்படியான தனி அமைப்பு வேண்டும். இலாப நோக்கற்ற நிறுவனம், சங்கம், அறக்கட்டளை என எது உங்கள் சட்டத்தில் எளிதோ அது. முகமையின் ஒரு பிரிவாகவே வைத்துக்கொண்டால் அரசின் கொள்முதல், பணியமர்த்தல் விதிகள் அத்தனையும் கூடவே வரும். மூன்று மாதத்தில் முடிவு கேட்கும் நிறுவனங்கள் காத்திருக்கமாட்டா.

நிர்வாகக் குழு சிறியதாக இருக்கட்டும். தலைவர் தொழில்துறையிலிருந்து வருவது நல்லது. முகமைக்கு இடம் உண்டு, பெரும்பான்மை வேண்டாம்; ஆனால் பொதுப் பணம் செலவாகும் விதம் குறித்த சில முடிவுகளில் தடுப்பதிகாரம் இருக்கலாம். தம் நிறுவனம் விண்ணப்பிக்கும் திட்டத்தின் மீதான விவாதத்தில் உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதியை முதல் கூட்டத்துக்கு முன்பே நிறைவேற்றுங்கள். முதல் சர்ச்சைக்குப் பிறகு கொண்டுவந்தால், அந்த விதி குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்ததாகவே பார்க்கப்படும்.

ஒருங்கிணைப்பாளர் நியமனத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு மதிப்புறு பதவியாகவோ, வேறு வேலை பார்க்கும் அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பாகவோ இதைத் தருவது வழக்கமாகிவிட்டது. இவருடைய வேலை நாள் முழுக்க மனிதர்களைச் சந்திப்பது, யாருடைய சிக்கலை யார் தீர்க்க முடியும் என்று நினைவில் வைத்திருப்பது, இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வது. ஆய்வகத்தின் மொழியும் தொழிற்சாலையின் மொழியும் அவருக்குப் புரிய வேண்டும். அத்தகையவர் தொழில்துறைச் சம்பளம் கேட்பார், கொடுங்கள். கட்டிடத்தில் ஒரு தளத்தைக் குறைத்தாலே பல ஆண்டுச் சம்பளம் வந்துவிடும்.

உறுப்பினர் கட்டணம் சிறியதாக இருந்தாலும் வசூலியுங்கள். தொகையைவிட, ஆண்டுதோறும் யார் புதுப்பிக்கவில்லை என்று தெரிவதுதான் இதன் பயன்.

7. அறிவுசார் சொத்துரிமை விதிகளை முன்பே எழுதுங்கள்

முதல் கூட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு இதை விவாதிக்கத் தொடங்கினால் வழக்கறிஞர்களுக்குத்தான் ஆதாயம். ஒவ்வொரு பங்காளியும் திட்டத்துக்குள் கொண்டுவரும் பழைய அறிவு எது, திட்டத்தில் பிறக்கும் புதிய அறிவு யாருக்கு, மற்றவர்களுக்கு எந்த நிபந்தனையில் பயன்பாட்டு உரிமை ஆகிய மூன்றையும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தில் வையுங்கள். பங்காளிகள் கொண்டுவரும் பழைய அறிவைப் பட்டியலிட்டு இணைப்பாகச் சேர்ப்பது பலரும் விட்டுவிடும் வேலை. பின்னர் எது முன்பே இருந்தது என்ற தகராறு அங்கிருந்துதான் முளைக்கிறது.

கட்டுரை வெளியீட்டுக்கும் ஒரு விதி தேவை. ஐரோப்பியக் காப்புரிமை முறையில் விண்ணப்பத்துக்கு முன் பொதுவில் வெளியான கண்டுபிடிப்பு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, புதுமை இழந்துவிடும். ஆய்வாளருக்கோ வெளியீடுதான் வாழ்வு. எனவே கட்டுரையை அனுப்பும் முன் பங்காளிகளுக்கு முப்பது நாள் முதல் அறுபது நாள் வரை பார்வைக் காலம் தருவதும், அதற்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்றே கொள்வதும் இரு தரப்பும் ஏற்கக்கூடிய நடுவழி. ஆய்வு மாணவரின் பட்டம் எக்காரணத்தாலும் தள்ளிப்போகக் கூடாது என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

8. பத்தாண்டு நிதித் திட்டம் தயாரியுங்கள்

மூன்று ஆண்டு நிதியோடு தொடங்கும் குழுமம், இரண்டாம் ஆண்டின் பாதியை அடுத்த நிதியைத் தேடுவதிலேயே கழித்துவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்னும் ஆராய்ச்சிப் பூங்கா 1959இல் நிறுவப்பட்டது, கணினி நிறுவனமான ஐ.பி.எம். அங்கே வருவதாக அறிவித்தது 1965இல். நடுவில் இருந்த ஆண்டுகளில் அது தோல்வி போலத்தான் காட்சியளித்தது. ஸ்வீடனின் புத்தாக்க முகமையான வின்னோவா தன் வின்வேக்ஸ்ட் திட்டத்தில் வெற்றி பெறும் வட்டாரங்களுக்குப் பத்தாண்டு நிதி தந்தது இந்தக் காரணத்தால்தான்.

பத்தாண்டு உறுதி என்றால் பத்தாண்டுக்கான காசோலை என்று பொருளில்லை. மூன்று, நான்கு, மூன்று ஆண்டுகள் என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வெளி மதிப்பீட்டுக்குப் பிறகே அடுத்ததை விடுவியுங்கள். அரசின் பங்கு கட்டத்துக்குக் கட்டம் குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்பது முதல் ஒப்பந்தத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும்.

பங்காளிகளின் பங்களிப்பைப் பணமாகவும் பொருளாகவும் பிரித்துக் காட்டுங்கள். பழைய கருவியின் மதிப்பையும் மூத்த மேலாளரின் நேரத்தையும் சேர்த்துச் சரிபாதி பங்களிப்பு என்று காகிதத்தில் காட்டுவது எளிது. பணமாக வரும் பகுதிக்கு ஒரு குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தால்தான் ஈடுபாட்டின் உண்மையான ஆழம் தெரியும்.

அரசு மானிய விதிகளைச் சட்டப் பிரிவிடம் முன்கூட்டியே காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஐரோப்பிய ஆணையத்துக்கு முன் அறிவிப்பு இல்லாமல் புத்தாக்கக் குழுமங்களுக்குத் தரக்கூடிய இயக்கச் செலவு உதவி, தகுதியுள்ள செலவில் 50 சதவீதத்தையும் பத்தாண்டையும் தாண்டக் கூடாது. உங்கள் நாட்டிலும் ஏதாவது வரம்பு இருக்கலாம். மீறியது பின்னர் தெரியவந்தால் நிறுவனங்கள் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடக்கூடும்.

9. கருவிகள், பிறகு கட்டிடம்

பொதுக் கருவிகளை வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதே பழகிய தவறு. ஒரு கருவியின் விலையை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 8, கருவியை இயக்கும் பணியாளர்கள் இருவரின் சம்பளம் 6, மின்சாரமும் நுகர்பொருள்களும் 4; ஆக ஆண்டுக்கு 18. ஆறு ஆண்டுகளில் வாங்கிய விலையையே தாண்டிவிடும். ஆண்டில் 1,200 மணி நேரம் பயன்பட்டால் மணிக்கு 0.015 அலகு செலவு. 400 மணி நேரம்தான் பயன்பட்டால் 0.045. மும்மடங்குக் கட்டணம் கேட்டால் இருக்கிற பயனாளரும் போய்விடுவார். எனவே நேர்காணலில் ரசீதோடு நிரூபிக்கப்பட்ட மணிநேரங்களைக் கூட்டிப் பார்க்காமல் எந்தக் கருவிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோராதீர்கள். இயக்கும் பணியாளருக்கான பணியிடம் அனுமதிக்கப்படாத கருவியையும் வாங்காதீர்கள். அது பெட்டியிலேயே உத்தரவாதக் காலத்தைக் கழிக்கும்.

இனி கட்டிடம். இப்போது உங்களுக்குத் துறை தெரியும், பயனாளர்கள் தெரியும், கருவிகளின் எடையும் அதிர்வுத் தாங்கு தேவையும் தெரியும். புதிதாகக் கட்டுவதா, பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுப்பதா என்று இனிமேல்தான் முடிவெடுக்க முடியும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு வாடகையே மேல் என்பது என் கருத்து.

கட்டாயம் கட்டத்தான் வேண்டும் என்றால், ஆய்வாளர்களும் மாணவர்களும் நடந்து வரக்கூடிய தூரத்தில் கட்டுங்கள். பிரான்சின் சோஃபியா ஆன்டிபோலிஸ் தொழில்நுட்பப் பூங்கா 1969இல் தொடங்கி வெளியிலிருந்து பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களை ஈர்த்தது. ஆனால் நெடுங்காலம் அவை ஒன்றோடொன்று அதிகம் உறவாடவில்லை. தைவானின் சின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல் தொடங்கியபோது, பக்கத்திலேயே இரண்டு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் 1973இல் அமைந்த அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இருந்தன. அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிளைத்ததே 1987இல் பிறந்த சில்லு தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி. அங்கே வேலி போட்டு இடம் ஒதுக்கும் முன்பே, ஆட்களும் அறிவும் அந்த இடத்தில் இருந்தன.

10. முதல் தொகையை விடுவிக்கும் முன் அடிப்படை அளவீடு எடுங்கள்

இந்தப் படி தவறினால் பின்னர் ஈடுசெய்யவே முடியாது. குழுமம் தொடங்கிய நாளில் கூட்டுத் திட்டங்கள் எத்தனை, சோதனைக்கான காத்திருப்பு நாள்கள் எத்தனை, நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்று பதிவுசெய்யாவிட்டால், ஐந்தாண்டு கழித்து மாற்றம் எதுவென்று எவராலும் சொல்ல முடியாது. குழுமத்தில் சேராத, அதே துறையைச் சேர்ந்த சில நிறுவனங்களையும் அளந்து வையுங்கள். துறை முழுதும் வளர்ந்த காலத்தில் உங்கள் குழுமமும் வளர்ந்தது என்றால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய அதுவே வழி.

ஆராய்ச்சி செலவுகளை எண்ணும்போது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) ஃபிராஸ்கட்டி கையேட்டின் வரையறைகளைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஆராய்ச்சி என்று எழுதினால் ஒப்பீடு சாத்தியமில்லை. புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, நடத்திய கருத்தரங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றை முன்னேற்ற அளவுகோலாக வைக்காதீர்கள். அவற்றை அதிகமாக்குவது எல்லாருக்கும் எளிது.

11. சிறிய கூட்டுத் திட்டங்களோடு தொடங்குங்கள்

முதல் ஆண்டில் பெரிய முதன்மைத் திட்டம் வேண்டாம். ஆறு மாதம் முதல் ஒன்பது மாதத்தில் முடியக்கூடிய, இரண்டு நிறுவனங்களும் ஓர் ஆய்வகமும் சேரும் சில சிறு திட்டங்கள் போதும். இவற்றின் உண்மையான பயன், ஒப்பந்தத்தின் மாதிரி வடிவம், கணக்கு முறை, கருவி முன்பதிவு ஆகிய குழாய்கள் எங்கே ஒழுகுகின்றன என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடுவதுதான். விண்ணப்பத்தை மூன்று பக்கத்துக்குள் நிறுத்துங்கள். முடிவை நாற்பத்தைந்து நாளுக்குள் சொல்லுங்கள். தாமதமாக வரும் ஒப்புதலைச் சிறு நிறுவனங்கள் மறுப்பாகவே எடுத்துக்கொள்கின்றன.

12. விலகும் விதியை எழுதி முடியுங்கள்

எந்த அளவீடு எந்த ஆண்டில் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் ஆதரவு நிறுத்தப்படும் என்பதைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே சேருங்கள். பிரான்ஸ், இத்தகைய குழுமங்களுக்கு அங்கீகாரம் தரும் தன் போட்டித்திறன் மையங்கள் திட்டத்தில் மதிப்பீட்டுக்குப் பின் 2010இல் ஆறு மையங்களின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. மதிப்பீட்டுக்குப் பல் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிய இதைவிட வேறு அறிவிப்பு தேவையில்லை.

மூடும் நடைமுறையும் தேவை. கருவிகள் யாருக்குப் போகும், பணியாளர்களுக்கு எத்தனை மாத முன்னறிவிப்பு, ஆராய்ச்சித் தரவுகளை யார் எத்தனை ஆண்டு பாதுகாப்பது என்று எழுதுங்கள். குழுமத்தின் பெயரில் காப்புரிமைகள் இருந்தால், அவற்றைத் தக்கவைக்கும் ஆண்டுக் கட்டணத்தை அமைப்பு கலைந்த பின் செலுத்தப்போவது யார் என்று ஒவ்வொரு காப்புரிமைக்கும் எதிரே பெயர் குறிக்கப்பட வேண்டும். கட்டணம் தவறினால் உரிமை காலாவதியாகும், அதைக் கவனிக்க அப்போது அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.